2 மாத ஆராய்ச்சி, 50 ஆயிரம் ரூபாய்... கைடு எங்கே? பள்ளிப்பட்டு தறிச் சத்தம் எழுப்பும் கேள்வி

பள்ளிப்பட்டு:

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போகிறவர்கள் பஸ்சை விட்டு இறங்கியதும் காதில் விழுவது "டக டக" என்ற விசைத்தறிச் சத்தம்தான். பல வீடுகளில் தறி ஓடுவதும் அங்கேதான், குழந்தை தூங்குவதும் அங்கேதான். காலையில் ஆரம்பித்தால் கரண்ட் போகும் வரை நாடா அடித்துக்கொண்டே இருக்கும்.

இந்த ஊர்களில் 40 வயதைத் தாண்டிய தறிக்காரரிடம் பேச வேண்டும் என்றால் கொஞ்சம் சத்தமாகத்தான் பேச வேண்டும். "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்ப்பா" என்று சொல்லிவிட்டு எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

அந்த மந்தம் தறியால் வந்ததா, வயதால் வந்ததா? பத்துப் பேரில் எத்தனை பேருக்கு இருக்கிறது? எந்த வயதில் ஆரம்பிக்கிறது? காதில் ஒரு அடைப்பான் வைத்திருந்தால் தடுத்திருக்கலாமா? ஊர் ஊராகப் போய் இதைக் கேட்டு, எண்ணி, எழுதி வைக்க ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் பெரிய பேராசிரியராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. எம்.பி.பி.எஸ். இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவராகவும் இருக்கலாம். அதற்கென்றே மத்திய அரசின் திட்டம் ஒன்று 1979-ம் ஆண்டு தொடங்கப்பட்டது. ஆனால் நம்ம ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு அது தெரியும்? தெரிந்தாலும் கை பிடித்துக் கூட்டிப்போக யார் இருக்கிறார்கள்? இதுதான் இப்போதைய கேள்வி.

அது என்ன திட்டம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அதாவது ஐ.சி.எம்.ஆர்., கொண்டுவந்த குறுகிய கால ஆய்வு உதவித்திட்டம் அது. மாணவர்கள் சுருக்கமாக "எஸ்.டி.எஸ்." என்பார்கள். எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். படிப்பவர்களுக்காக ஏற்பட்டது. இறுதியாண்டு மாணவர்களுக்கும் பயிற்சி டாக்டர்களுக்கும் இதில் இடம் கிடையாது. ஆரம்ப வருடங்களில் இருக்கும்போதே ஆராய்ச்சி என்றால் என்ன என்று ருசி காட்டுவதுதான் நோக்கம்.

மாணவர் ஒரு சிறிய கேள்வியை எடுத்துக்கொள்ள வேண்டும். கல்லூரி ஆசிரியர் ஒருவர் வழிகாட்டியாக, மாணவர்கள் பாஷையில் "கைடு" ஆக, இருப்பார். இருவரும் சேர்ந்து திட்டத்தை எழுதி ஆன்லைனில் அனுப்ப வேண்டும். தேர்வானால் 2 மாதம் ஆய்வு நடத்தி அறிக்கை கொடுக்க வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்டால் சான்றிதழும் பணமும் கிடைக்கும். மாதம் 10 ஆயிரம் வீதம் 20 ஆயிரம் ரூபாயாக இருந்த உதவித்தொகை, பின்னர் மாதம் 25 ஆயிரம் வீதம் 50 ஆயிரம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

50 ஆயிரம் என்பது தறிக்காரர் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்தப் பணம் அறிக்கை ஒப்புதல் ஆன பிறகுதான் வரும். அதுவரை ஆகும் பஸ் செலவு, ஜெராக்ஸ், சாப்பாடு எல்லாம் மாணவரின் சொந்தப் பணம். லீவில் ஊருக்கு வந்து தார் சுற்றிக் கொடுத்து வீட்டுக்கு உதவ வேண்டிய பிள்ளைக்கு இந்த 2 மாதம் சும்மா வந்துவிடாது.

இன்னொரு விதியும் முக்கியம். கைடாக இருப்பவர் மாணவர் படிக்கும் அதே கல்லூரியில் முழுநேர ஆசிரியராக இருக்க வேண்டும், ஒரு கைடு ஒரு மாணவரைத்தான் எடுக்கலாம் என்பது இந்தத் திட்டத்தில் கடைப்பிடிக்கப்பட்டு வந்த முறை. ஒரே ஆசிரியர் 10 பேரைச் சேர்த்துக்கொண்டு பெயருக்குக் கையெழுத்துப் போடக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான். ஆனால் புதிய கல்லூரிகளில் இதுவே முட்டுக்கட்டையாகவும் ஆகிவிடுகிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

உலகமே உற்றுப் பார்த்த மாவட்டம்

திருவள்ளூர் மாவட்டத்துக்கும் மருத்துவ ஆராய்ச்சிக்கும் உள்ள உறவு புதிது இல்லை. மேற்குக் கோடியில் பள்ளிப்பட்டு, கிழக்குக் கோடியில் கும்மிடிப்பூண்டி என்று இன்று நாம் பார்க்கும் மாவட்டம் 1997-ல்தான் உருவானது. அதற்கு முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. (பள்ளிப்பட்டு, திருத்தணி பகுதி 1960-ல் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது என்பது தனிக்கதை.)

1968-ம் ஆண்டு திருவள்ளூர் சுற்றுவட்டாரத்தில் ஒரு மாபெரும் ஆய்வு தொடங்கியது. குழந்தைகளுக்குப் போடுகிறோமே, பி.சி.ஜி. தடுப்பூசி, அது காசநோயை உண்மையிலேயே தடுக்கிறதா என்பதுதான் கேள்வி. 3 லட்சத்து 66 ஆயிரம் பேர் பதிவு செய்யப்பட்டார்கள். 2 லட்சத்து 81 ஆயிரம் பேருக்கு ஊசி போடப்பட்டது. சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு மருந்து இல்லாத ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில் முடிவானது. அதன் பிறகு 15 வருடம் அந்த மக்களைத் தொடர்ந்து கவனித்தார்கள்.

முடிவு உலகத்தையே அதிர வைத்தது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. குழந்தைகளிடம் மட்டும் 27 சதவீத அளவுக்குப் பாதுகாப்பு தென்பட்டது. அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. (குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை காசநோய் போன்ற கொடிய வகைகளைத் தடுப்பதால் பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போடுவது தொடர்கிறது. அதை யாரும் நிறுத்திவிட வேண்டாம்.) "செங்கல்பட்டு பி.சி.ஜி. ஆய்வு" என்ற பெயரில் உலகம் முழுக்க மருத்துவப் புத்தகங்களில் இது இடம் பிடித்துவிட்டது.

அதற்கும் முன்பு, 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கப்பட்டது. 2011-ல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறியது. அங்கே நடந்த முதல் பெரிய ஆய்வில் 193 நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்தில் படுத்து சிகிச்சை. பாதிப் பேர் குடிசை வீட்டில் இருந்தபடியே அதே மாத்திரை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959-ல் முடிவு வெளிவந்தது. காசநோய்க்காரரை மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் அடைத்து வைக்கும் வழக்கம் உலகத்தில் மறைய அந்த ஆய்வு முக்கியக் காரணம்.

1999-ல் அம்பத்தூரை ஒட்டிய அயப்பாக்கத்தில் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் உருவானது. ஊரில் நோய் பரவினால் போய்ப் பார்த்து, எண்ணி, காரணம் கண்டுபிடிக்கும் வித்தையை டாக்டர்களுக்குக் கற்றுக்கொடுப்பது அதன் வேலைகளில் ஒன்று. ஆராய்ச்சி முறைகள் பற்றிய ஆன்லைன் பாடங்களையும் அந்த நிறுவனம் நடத்தியிருக்கிறது. முதுநிலை மாணவர்களும் மருத்துவ ஆசிரியர்களும் கட்டாயம் முடிக்க வேண்டும் என்று வைக்கப்பட்ட ஆராய்ச்சி அடிப்படைப் பாடம் இங்கிருந்துதான் போகிறது.

இதில் ஒரு வேடிக்கை. இத்தனை ஆய்விலும் நம்ம மாவட்டத்து ஜனங்கள் கை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார்கள். சளி கொடுத்தார்கள், எக்ஸ்ரேக்கு நின்றார்கள். கேள்வி கேட்டவர்கள், முடிவை எழுதியவர்கள் பெரும்பாலும் வெளியில் இருந்து வந்தவர்கள். இங்கே ஒரு அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத காலம் அது.

இப்போது கல்லூரி இருக்கிறது!

அந்தக் குறை 2022-ல் தீர்ந்தது. தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள், ஜனவரி 12-ந்தேதி திறந்து வைக்கப்பட்டன. விருதுநகர், நாமக்கல், நீலகிரி, திருப்பூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், கள்ளக்குறிச்சி, அரியலூர், ராமநாதபுரம், கிருஷ்ணகிரி ஆகியவற்றுடன் திருவள்ளூரும் ஒன்று. திருவள்ளூருக்கு 100 இடங்கள்.

2020-ல் கொண்டுவரப்பட்ட 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டால் அரசுப் பள்ளி மாணவர்களும் வெள்ளை கோட்டு போட ஆரம்பித்தார்கள். தறிக்காரர் மகளும், கரும்பு வெட்டும் கூலிக்காரர் மகனும் டாக்டர் ஆகும் காலம் வந்துவிட்டது. அவர்கள் தறிச் சத்தத்தைப் புத்தகத்தில் படிக்க வேண்டாம். அதிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

இங்கேதான் ஆரம்பகால ஆராய்ச்சிப் பயிற்சி முக்கியம் ஆகிறது. ஊரைத் தெரிந்த பிள்ளைக்கு, கேள்வி கேட்கும் முறையும் தெரிந்துவிட்டால் என்ன நடக்கும்?

சின்னப் பசங்க என்ன சாதிப்பாங்க?

"முதல்ல பாஸ் ஆகட்டும், அப்புறம் ஆராய்ச்சி பண்ணிக்கலாம்" என்பது பல வீடுகளில் கேட்கும் பேச்சு. நியாயமான பயம்தான். எம்.பி.பி.எஸ். முதலாண்டு உடற்கூறு, உடலியக்கம், உயிர்வேதியியல் மூன்றும் கழுத்தைப் பிடிக்கும். ஆனால் சரித்திரத்தைப் புரட்டினால் வேறு கதை சொல்கிறது.

1869-ல் பெர்லினில் பால் லாங்கர்ஹான்ஸ் என்ற மருத்துவ மாணவர் கணையத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நடுவில் தீவு தீவாகத் தனி செல்கள் தெரிந்தன. அது என்ன வேலை செய்கிறது என்று அவருக்கே புரியவில்லை. இருந்தாலும் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தார்.

1921-ம் ஆண்டு கோடையில் கனடாவின் டொரண்டோவில் பிரெடரிக் பான்டிங் என்ற டாக்டர் ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்தார். அவருக்கு உதவியாளராக வந்தவர் சார்லஸ் பெஸ்ட். வயது 22, அப்போதுதான் பட்டப்படிப்பு முடித்த பையன். டாக்டர் படிப்பையெல்லாம் பிறகுதான் முடித்தார். லாங்கர்ஹான்ஸ் பார்த்த அதே தீவு செல்களில் சுரக்கும் பொருளைத்தான் அவர்கள் பிரித்து எடுத்தார்கள். அதுதான் இன்சுலின்! இன்று சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொருவரும் இந்த இரண்டு இளைஞர்களுக்கும் கடன்பட்டவர்கள்.

1916-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்சில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஜே மெக்லீன், ரத்தம் உறைய வைக்கும் பொருளைத் தேடப் போய், உறையாமல் தடுக்கும் பொருளைக் கண்டார். இதய ஆபரேஷனுக்கும் டயாலிசிசுக்கும் இன்று பயன்படும் ஹெப்பாரின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

ஆனால் இந்த 3 பேருக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. யாரும் தனியாக இல்லை. லாங்கர்ஹான்சுக்கு பெர்லினில் விர்ச்சோவின் ஆய்வுக்கூடம் இருந்தது. பெஸ்ட்டுக்கு பான்டிங்கும், ஆய்வுக்கூடம் கொடுத்த பேராசிரியர் மெக்லியாடும் இருந்தார்கள். மெக்லீனுக்கு ஹவெல் என்ற பேராசிரியர் இருந்தார். பின்னாளில் ஹெப்பாரினைக் கண்டுபிடித்த பெருமை மாணவருக்கா, குருவுக்கா என்று சர்ச்சை கூட எழுந்தது. குரு இல்லாமல் மாணவர் இல்லை. ஆனால் மாணவர் பெயரை குரு விழுங்கிவிடவும் கூடாது. இரண்டு பாடமும் அதில் இருக்கிறது.

அமெரிக்காவின் யேல் மருத்துவக் கல்லூரியில் 1839-ல் இருந்தே டாக்டர் பட்டம் வாங்க ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதியாக வேண்டும். ஜெர்மனியிலும் டாக்டர் என்று பட்டம் போட்டுக்கொள்ள மருத்துவ மாணவர் தனியாக ஒரு ஆய்வு முடிக்க வேண்டும்.

எங்கே இடிக்கிறது?

இந்தியாவில் நிலைமை என்ன? 2016-ல் வெளியான ஒரு ஆய்வு, 2005-ல் இருந்து 2014 வரை 579 இந்திய மருத்துவக் கல்வி நிறுவனங்கள் வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளை எண்ணிப் பார்த்தது. வருடத்துக்கு 100 கட்டுரைக்கு மேல் வெளியிட்டவை வெறும் 25 நிறுவனங்கள். 332 நிறுவனங்கள், அதாவது 57 சதவீதம், அந்த 10 வருடத்தில் ஒரு கட்டுரை கூட வெளியிடவில்லை!

தானே ஆராய்ச்சி செய்யாத ஆசிரியர், மாணவருக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பார்? நீச்சல் தெரியாதவர் நீச்சல் வாத்தியார் ஆன கதைதான்.

ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியருக்கு காலையில் புறநோயாளிகள், பிறகு வார்டு ரவுண்டு, மதியம் வகுப்பு, இடையில் அஞ்சல், அறிக்கை, ஆய்வுக் கூட்டம். போதாக்குறைக்கு டிரான்ஸ்பர். மாணவருக்கு கைடாகக் கையெழுத்துப் போட்டவர், ஆய்வு ஆரம்பிக்கும் மாதத்தில் வேறு ஊருக்கு மாற்றல் ஆகிப் போய்விட்டால் அந்த மாணவர் கதி அதோகதிதான்.

அடுத்தது எத்திக்ஸ் கமிட்டி எனப்படும் நெறிமுறைக்குழு. மனிதர்களிடம் செய்யும் எந்த ஆய்வாக இருந்தாலும் இந்தக் குழு அனுமதி கொடுத்த பிறகுதான் தொட வேண்டும். கேள்வித்தாளில் நாலு கேள்வி கேட்பதாக இருந்தாலும் அதே விதிதான். 2019-ல் வந்த புதிய விதிகளுக்குப் பிறகு இந்தக் குழுக்கள் சுகாதார ஆராய்ச்சித் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பழைய, பெரிய கல்லூரிகளில் குழு ரெடியாக இருக்கும். புதிதாகத் தொடங்கும் கல்லூரி ஒன்றில் கட்டிடம், விடுதி, லேப் எல்லாம் வந்த பிறகுதான் இந்தக் குழு பற்றியே பேச்சு வரும். குழு கூடும் தேதிக்கும் ஐ.சி.எம்.ஆர். கடைசி தேதிக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் ஒரு வருடம் போச்சு. அடுத்த வருடம் மாணவர் இறுதியாண்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுவார்.

ஆக, பணம் இருக்கிறது, திட்டம் இருக்கிறது, கேள்வியும் ஊர் முழுக்கக் கொட்டிக் கிடக்கிறது. பற்றாக்குறை, கூடவே உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கும் ஆளுக்குத்தான்.

கைடு அப்படி என்ன செய்வார்?

இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை உதாரணம். பொதட்டூர்பேட்டை தறிக்காரர் மகள் ஒருத்தி மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். "எங்க நைனாவுக்குக் காது கேக்கறதில்ல மேடம், தறிக்காரங்க எல்லாருக்கும் காது டெஸ்ட் பண்ணணும்" என்று சமுதாய மருத்துவத் துறை ஆசிரியையிடம் போய் நிற்கிறாள்.

அக்கறையான கைடு முதலில் செய்யும் வேலை, கேள்வியை வெட்டிச் சின்னதாக்குவது. "எல்லாருக்கும்னா எத்தனை பேரும்மா? உனக்கு இருக்கறது 2 மாசம். ஒரே ஊரை எடுத்துக்கோ" என்பார்.

இரண்டாவது, ஒப்பிட ஆள் வேண்டும். 50 வயது தறிக்காரருக்குக் காது மந்தம் என்றால் அது வயதாலும் வரலாம். அதே வயதில், அதே ஊரில், தறிப்பக்கமே போகாத விவசாயிகளையும் சோதித்தால்தான் தறியின் பங்கு எவ்வளவு என்று தெரியும். இந்த ஒரு விஷயம் தெரியாமல் போனால் 2 மாத உழைப்பும் வீண்.

மூன்றாவது, சோதனை நேரம். தறியை நிறுத்திவிட்டு நேராக வந்து சோதனைக்கு உட்கார்ந்தால் காது தற்காலிகமாக மந்தமாக இருக்கும். சில மணி நேரம் ஓய்வு கொடுத்தால் கொஞ்சம் தேறும். ஆகவே தறி நிற்கிற விடுமுறை நாளிலோ, காலையில் வேலை ஆரம்பிக்கும் முன்போ சோதிக்க வேண்டும். இரைச்சலால் கெட்ட காதுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. 4 ஆயிரம் ஹெர்ட்ஸ் அளவுள்ள கீச்சுச் சத்தம்தான் முதலில் கேட்காமல் போகும். வரைபடத்தில் அந்த இடத்தில் மட்டும் பள்ளம் விழும். இதைக் காட்டிக் கொடுக்க காது, மூக்கு, தொண்டைத் துறை டாக்டர் ஒருவர் துணைக்கு வேண்டும்.

நான்காவது, சம்மதம். பள்ளிப்பட்டு எல்லைப்பகுதியில் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. தமிழ்ப் படிவத்தை நீட்டி "இங்க கையெழுத்து போடுங்க" என்றால் அது சம்மதம் ஆகாது. அவர்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். "வேணாம்மா" என்று சொன்னால் மறுபேச்சு இல்லாமல் நகர வேண்டும்.

ஐந்தாவது, முடிவு எப்படி வந்தாலும் அப்படியே எழுத வேண்டும். தறிக்காரருக்கும் விவசாயிக்கும் வித்தியாசமே இல்லை என்று வந்தால் அதுவும் ஒரு முடிவுதான். நைனா தறிக்காரர் என்பதற்காக எண்ணை வளைக்கக் கூடாது.

காது சோதனைக் கருவியும் சத்தம் புகாத அறையும் கிடைக்கவில்லை என்றால்? ஆய்வைக் கைவிட வேண்டியது இல்லை. "தறி ஓட்டுறவங்கள்ல எத்தனை பேர் காதுக்கு அடைப்பான் போடறாங்க? போடாதவங்க ஏன் போடல?" என்று கேள்வியை மாற்றலாம். அதுவும் நல்ல ஆய்வுதான். இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க எந்தப் புத்தகமும் போதாது. பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.

இரைச்சல் ஏன் முக்கியம் என்று கேட்கலாம். இந்தியத் தொழிற்சாலை விதிகளில் 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பதுதான் நெடுங்காலமாக இருந்த வரம்பு. 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில், டாக்டர் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் காது கேளாமையும் இருந்தது. ஆனால் வீட்டில் 2 தறி, 4 தறி போட்டு ஓட்டுகிறவர் "தொழிற்சாலை" கணக்கிலேயே வர மாட்டார். சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத ஆள். அப்படிப்பட்டவரை எண்ணிக் காட்டுவதற்கு மாணவர் ஆய்வை விட்டால் வேறு யார் வரப்போகிறார்கள்?

கும்மிடிப்பூண்டி வரை கேள்விகள்

மாவட்டத்தின் மறுகோடியில் கும்மிடிப்பூண்டி சிப்காட். இரும்பு உருக்கும் ஆலைகள், வார்ப்பட ஆலைகள், வெளிமாநிலத் தொழிலாளர்கள். வார்ப்பட வேலையில் சிலிக்கா மணல் தூசி உண்டு. அந்தத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். சிலிகோசிஸ் வந்தவருக்குக் காசநோய் தொற்றும் ஆபத்து அதிகம். இரண்டிலும் இருமல், இளைப்பு என்று ஒரே மாதிரி இருப்பதால் ஒன்றை மற்றொன்று என்று நினைத்து சிகிச்சை கொடுப்பதும் நடக்கும். காசநோய் ஆய்வுக்குப் பேர் போன மாவட்டத்தில் ஒரு மாணவர் இதைக் கையில் எடுத்தால் எவ்வளவு பொருத்தம்!

இன்னும் இருக்கிறது. செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கி வேலை செய்யும் வெளிமாநிலத்தவரின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி முழுசாகப் போட்டிருக்கிறதா? பாம்பு கடித்தவர் ஆஸ்பத்திரி வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகிறது, நடுவில் எங்கெங்கே போய் வந்தார்? எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் மருந்து வாங்கும் சர்க்கரை நோயாளியின் கணக்கு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது? ஒவ்வொன்றும் 2 மாதத்தில் செய்யக்கூடிய கேள்வி. பெரிய லேப் தேவையில்லை. நோட்டு, பேனா, பொறுமை, கூட ஒரு கைடு.

சான்றிதழ் மோகம் உஷார்!

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஆராய்ச்சி செய்தால் பயோடேட்டா கனமாகும், மேல்படிப்புக்கும் வெளிநாட்டுக்கும் உதவும் என்ற ஆசையில் ஓடுபவர்களும் உண்டு. வீட்டுக்கே போகாமல் கேள்வித்தாளைத் தாங்களே நிரப்புவது, சீனியரின் பழைய அறிக்கையில் பெயரை மாற்றுவது, காசு கொடுத்தால் எதையும் அச்சடிக்கும் போலி இதழ்களில் கட்டுரை போடுவது என்று குறுக்குவழிகள் இருக்கின்றன.

இது வெறும் காப்பி அடித்த தப்பு இல்லை. பொய்யான எண்ணை நம்பி நாளைக்கு ஒரு மாத்திரை மாறலாம், ஒரு திட்டம் நிற்கலாம். பாதிக்கப்படுவது முகம் தெரியாத நோயாளி. ஆரம்பத்திலேயே பொய் சொல்லிப் பழகிய மாணவர், டாக்டர் ஆன பிறகு கேஸ் ஷீட்டில் உண்மை எழுதுவார் என்று என்ன நிச்சயம்? இதைத் தடுக்கவும் கைடுதான் வேண்டும். வாரம் ஒரு நாள் நிரப்பிய படிவங்களை மேஜையில் போட்டு ஒன்றொன்றாகப் பார்க்கும் கைடு இருந்தால் பாதி மோசடி முளையிலேயே கருகிவிடும்.

என்ன செய்யலாம்?

கோடி கோடியாகக் கொட்ட வேண்டியது இல்லை. சில காரியங்கள் நடந்தாலே போதும்.

* அயப்பாக்கத்திலும் சேத்துப்பட்டிலும் ஆராய்ச்சியில் ஊறியவர்கள் இருக்கிறார்கள். புதிய கல்லூரி மாணவருக்கு ஆசிரியர் முதல் கைடாகவும், இந்த நிறுவனங்களில் ஒருவர் இரண்டாவது கைடாகவும் இருக்க வழி செய்யலாம். ஆசிரியரும் கூடவே கற்றுக்கொள்வார். அடுத்த வருடம் அவரே தேறிவிடுவார்.

* 2021-22ம் கல்வியாண்டு முதல் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்தது. அந்த வீடுகளில்தான் கேள்வி கிடக்கிறது. தத்தெடுப்பு வேறு, ஆராய்ச்சி வேறு என்று பிரிக்காமல், முதல் வருடம் குடும்பத்தைப் பார்க்கும்போதே "இங்க என்ன ஆராயலாம்?" என்று யோசிக்கப் பழக்கலாம்.

* நெறிமுறைக்குழு கூடும் தேதியை வருட ஆரம்பத்திலேயே நோட்டீஸ் போர்டில் ஒட்டலாம். கைடாக இருப்பவருக்கு அந்த 2 மாதம் மட்டுமாவது மாற்றல் போடாமல் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரு பைசா செலவு கிடையாது.

* பணம் பிறகு வரும் என்பதால் ஏழை மாணவர் பின்வாங்கக் கூடாது. பஸ் செலவுக்கும் ஜெராக்சுக்கும் கல்லூரியோ, பழைய மாணவர்களோ ஒரு சின்னத் தொகையை முன்பணமாகக் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

* எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவை ஊருக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். காது சோதனைக்கு உட்கார்ந்த தறிக்காரரிடம் "உங்களுக்கு இப்படி இருக்கு, இனிமே இதைப் போட்டுக்கிட்டு தறி ஓட்டுங்க" என்று அடைப்பானைக் கையில் கொடுத்துச் சொன்னால்தான் அந்த ஆய்வு முடிந்ததாக அர்த்தம். டெல்லிக்கு அறிக்கை போனால் மட்டும் போதாது.

50 வருடத்துக்கும் மேலாக இந்த மாவட்டத்து மக்கள் உலகத்துக்காகக் கை நீட்டினார்கள். அவர்கள் கொடுத்த பதிலால் உலகம் முழுக்க மருத்துவம் மாறியது. இப்போது அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே கேள்வி கேட்கத் தயாராகிறார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரும் கைடுகள் கிடைத்தால், "காது கொஞ்சம் மந்தம்ப்பா" என்ற பேச்சுக்கு பள்ளிப்பட்டில் ஒரு கணக்கு கிடைக்கும். கணக்கு கிடைத்தால் தீர்வும் கேட்கலாம்.

கிடைக்காவிட்டால், தறி ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதும் கேட்காது.